காது கேட்கவில்லை என்று சொல்ல ஏன் வெட்கம்?

கடந்த வருடம் என் ராத்தாவைப் பேசி மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்கள் முன் விறாந்தையில் இருந்தார்கள். நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால் நின்று வட்டிலப்பத்தைத் தட்டில் வைத்தபடியே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வீடு, வளவு என்று போன பேச்சு கடைசியில் கைக்கூலியில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் மாமா நல்ல மனிதர். மெல்லிய குரலில், "காக்கா, நாங்க காசு ஒண்டும் கேக்கல்ல" என்றார்.

பெண்ணைப் பெற்ற எந்த வாப்பாவும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எங்கள் வாப்பாவின் முகமோ கறுத்தது. "ஆருக்குக் காது கேக்கல்ல? எனக்கு நல்லாக் கேக்கிது" என்று சத்தமாகச் சொன்னார்.

விறாந்தை அமைதியாகிவிட்டது. உம்மாவின் கையில் இருந்த தட்டு ஆடியது. வந்தவர்கள் மரியாதையாகப் பேச்சை மாற்றி, தேநீர் குடித்து, ஸலாம் சொல்லிப் போனார்கள். வாப்பாவுக்குக் காது மந்தம் என்பது தெரிந்துவிட்டது, இனி இந்தச் சம்பந்தம் சரிவராது என்றே உம்மா நினைத்தார். மூன்று நாள் கழித்து, கல்யாணம் பேசியவர் கொண்டுவந்த செய்தி வேறாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் காதைப் பற்றி நினைக்கவே இல்லை. "புள்ளட வாப்பா கடும் கோபக்காரரோ?" என்றுதான் கேட்டார்களாம்.

அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. வாப்பாவின் காது மந்தத்தை நாங்கள் ஆறு வருடமாக மறைத்து வந்தோம். மறைத்த இடத்தில் மற்றவர்கள் கண்டது அதைவிடப் பெரிய ஒரு குறையை.

சத்தம் கேட்கும், சொல் விளங்காது

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தில் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது. வாப்பா 24 வருடமாக அரிசி ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். அவருடைய காது ஒரே நாளில் பழுதாகவில்லை. எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது.

நமது உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிர்க் கலங்கள் ஏறக்குறைய 15,000 உள்ளன. ஒலியின் அதிர்வை மூளைக்குப் போகும் செய்தியாக மாற்றுபவை இவைதான். பிறக்கும்போது கிடைத்தவற்றோடு வாழ்நாள் முழுவதும் சமாளிக்க வேண்டும். மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் அளவான இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபலில் 4 மணி நேரம், 91 டெசிபலில் 2 மணி நேரம். ஆலையில் காதுக் கவசம் போட்டு வேலை செய்த ஒருவரையேனும் வாப்பா கண்டதில்லை.

இரைச்சலாலும் வயதாலும் முதலில் அழிவது உயர்ந்த சுருதி ஒலிகளைப் பிடிக்கும் கலங்கள். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியும் பலமும் உடையவை. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் உயர்ந்த சுருதியும் மென்மையும் கொண்டவை. அதனால் வாப்பாவுக்குக் 'கா'வும் கடைசி 'உ'வும் கேட்டன. நடுவில் வந்தது 'சு'வா 'து'வா என்பதை மூளை ஊகித்துக்கொண்டது. எந்த நேரமும் காதைப் பற்றிய பயத்தோடு இருப்பவருக்குக் 'காசு' என்பது 'காது' ஆகத்தானே ஊகமாகும்?

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. "எனக்குக் கேக்கிது, நீங்கதான் வாய்க்குள்ள பேசுறீங்க" என்று வாப்பா சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சத்தம் உண்மையாகவே கேட்கிறது, சொல்தான் விளங்குவதில்லை. மெல்லப் பேசினால் பிடிபடாது. கத்தினால் "ஏன் கத்துறீங்க?" என்பார். பழுதான காதுக்குப் பலத்த ஒலி சாதாரணக் காதைவிட விரைவாகவே தொல்லையாகிவிடும் என்று பின்னர் அறிந்தேன்.

நான் தரம் 7இல் படித்த கொரோனாக் காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோதுதான் வாப்பாவின் குறை வீட்டுக்குத் தெரிந்தது. அதுவரை தம்மை அறியாமலே அவர் உதடுகளைப் பார்த்துச் சொற்களைப் பிடித்து வந்திருக்கிறார்.

சூட்டுக் குறி

உலகில் 150 கோடிக்கும் அதிகமானோர் ஏதோ ஓர் அளவில் செவிப்புலன் குறைந்தவர்கள் என்றும், அவர்களில் 43 கோடிப் பேருக்கு உதவி தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. 60 வயதைத் தாண்டியவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் இந்த நிலை உண்டு. இவ்வளவு பொதுவான ஒன்றுக்கு உதவி தேட மனிதர் ஏன் தயங்குகிறார்கள்? அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி தேவைப்படும் நிலையை அடைந்தவர்கள் அதை அணியத் தொடங்கச் சராசரியாக ஏறக்குறைய 9 ஆண்டுகள் எடுத்திருந்தார்கள்.

கருவியின் விலை ஒரு காரணம். அதை மறுக்க முடியாது. எங்கள் நாட்டில் தனியாரிடம் ஒரு கருவி வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்குப் பெரும் செலவு. ஆனால் பரிசோதனைக்குக்கூட வர மறுப்பதற்கு விலை காரணமாக முடியாது. அங்கே வேலை செய்வது சமூகக் களங்கம். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டிக்மா' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அடிமைகளினதும் குற்றவாளிகளினதும் உடலில் இடப்பட்ட சூட்டுக் குறிக்கு அங்கே அந்தப் பெயர். சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1963இல் இப்பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். ஒருவரிடம் உள்ள ஒரே ஒரு குறி அவருடைய மற்றெல்லாத் தன்மைகளையும் மூடிவிடுவதை அவர் விளக்கினார்.

அமெரிக்கத் தாதியியல் பேராசிரியை மார்கரெட் வால்ஹேகன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், செவிப்புலன் குறைந்த பெரியவர்களின் களங்க உணர்வை மூன்றாகப் பிரித்தார். ஒன்று, 'நான் முழுமையான மனிதன் இல்லை' என்று தன்னைப் பற்றிய எண்ணம் மாறுவது. இரண்டு, 'இது கிழவருக்கு வருவது' என்ற பயம். மூன்று, கருவி அணிந்தால் எப்படித் தோன்றுவோம் என்ற கூச்சம். நான் இதை வாசித்தபோது எங்கள் வீட்டில் யாரோ வந்து எழுதிக்கொண்டு போனது போல இருந்தது. 51 வயதான வாப்பா, "நான் என்ன கிழவனா, காதில மெசின் போட?" என்பார். எங்கள் உம்மும்மாவுக்கு மாமா கட்டாரிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்து கொடுத்தார். "மௌத்தாகப் போற வயசில எனக்கு என்னத்துக்கு?" என்று அவர் அதை அலுமாரியில் வைத்துவிட்டார். ஒருவர் தமக்கு இன்னும் வயதாகவில்லை என்கிறார். மற்றவர் தமக்கு வயது கடந்துவிட்டது என்கிறார். அப்படியென்றால் காது கேட்பதற்கு ஏற்ற வயதுதான் எது?

உம்மும்மா எப்போதும் முக்காட்டோடு இருப்பவர். அதற்குள் கருவி இருப்பதை ஒருவரும் காண முடியாது. ஆகவே அவர் வெட்கப்பட்டது ஊராரின் கண்ணுக்கு மட்டுமல்ல, தம் மனதுக்கும்தான். அதோடு, அந்தக் கருவி அவருடைய காதைப் பரிசோதிக்காமல் வாங்கப்பட்டது. கண்ணைப் பார்க்காமல் கண்ணாடி வாங்குவது போன்றது அது. போட்டவுடன் கீச்சென்று கத்தியதால் இருந்த கொஞ்ச விருப்பமும் போய்விட்டது.

எங்கள் வகுப்பில் பதினொரு பேர் மூக்குக் கண்ணாடி அணிகிறோம். நானும் ஒருத்தி. அழகான சட்டம் எது என்று தோழிகளிடம் கேட்டுத்தான் வாங்கினேன். கண்ணாடியும் உதவிக் கருவிதான், காதில் போடுவதும் உதவிக் கருவிதான். ஆனால் 'குருடா' என்று நம்மை யாரும் அழைப்பதில்லை. ஒருமுறை சொன்னது விளங்காவிட்டால் 'செவிடா?' என்று எத்தனை இலகுவாகக் கேட்கிறோம்! செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். நாடகத்தில் சிரிப்புக்கு ஒரு காது கேளாத கிழவரைக் கொண்டுவருகிறோம். இந்தச் சொற்களைச் சிறு வயது முதல் கேட்டும் சொல்லியும் வளர்ந்த மனிதர், ஒரு நாள் அந்தப் பெயர் தமக்கே பொருந்தும்போது அதை எப்படி ஏற்றுக்கொள்வார்?

அரசனும் இசைமேதையும்

இந்த வெட்கம் எங்கள் ஊருக்கோ ஏழைகளுக்கோ மட்டும் உரியதல்ல. போர்த்துக்கல் மன்னர் ஆறாம் ஜோன் காது மந்தமானவர். 1819இல் அவருக்காக இலண்டனில் ஒரு சிம்மாசனம் செய்யப்பட்டது. அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. அந்த வாய்களுக்குள் போன சத்தம், ஆசனத்தினுள் மறைந்திருந்த குழாய் வழியாக மன்னரின் காதுக்கு வந்தது. பேச வந்தவர்கள் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயில் பேசினார்கள். மன்னருடைய குறை மக்களின் பணிவாக மாறி மறைந்துவிட்டது. சிம்மாசனம் இல்லாத மனிதர் என்ன செய்வார்?

இசைமேதை பேத்தோவன் 1802இல், 31ஆவது வயதில், தம் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை அவர் அனுப்பவில்லை. 1827இல் அவர் இறந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. மக்கள் தம்மை முரடன், மனிதரை வெறுப்பவன் என்று நினைப்பதாகவும், அதன் இரகசியக் காரணத்தை அவர்கள் அறியமாட்டார்கள் என்றும் அதில் வருந்தியிருந்தார். எனக்குக் காது கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல அவரால் முடியவில்லை. இசைக் கலைஞனிடம் எந்தப் புலன் மற்றவரைவிடச் சிறந்திருக்க வேண்டுமோ அதுவே குறைந்ததுதான் அவருடைய வெட்கம். இதை வாசித்தபோது எனக்கு மாப்பிள்ளை வீட்டாரின் கேள்வி நினைவுக்கு வந்தது. பேத்தோவனையும் ஊர் கோபக்காரர் என்றுதான் சொன்னது.

மாறாக, அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் றேகன் 1983இல், 72 வயதில், எல்லோரும் காணக் காதில் கருவி அணிந்து வந்தார். அதன் பின்னர் அந்நாட்டில் கருவி நாடி வந்தோர் தொகை கூடியது. வெளியே காட்ட ஒருவர் துணிந்தால் பலருடைய வெட்கம் குறைகிறது.

மறைப்பதன் விலை

கேட்காததை மறைப்பது கடினமான வேலை. விளங்காவிட்டாலும் தலையாட்ட வேண்டும். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும். நாள் முழுவதும் ஊகித்து ஊகித்து மூளை களைத்துவிடும். கடைசியில், பேச்சு நடக்கும் இடத்துக்கே போகாமல் இருப்பது இலகுவாகிவிடும். வாப்பா அஸருக்குப் பின் தேநீர்க் கடையில் நண்பர்களோடு இருப்பதை விட்டார். ஜும்ஆவுக்கு முன் வரிசைக்குப் போகிறவர் பின்னால் போய் இருந்தார். ஆட்கள் அதைப் பெருமை என்றார்கள். ஸலாத்துக்குப் பதில் வரவில்லை என்று ஒருவர் மனத்தாங்கல் கொண்டார்.

'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017, 2020, 2024 ஆகிய ஆண்டு அறிக்கைகளில், முதுமை மறதி நோய்க்கான, நம்மால் குறைக்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகச் செவிப்புலன் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறது. காது மந்தமான எல்லோருக்கும் மறதி வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் தனிமையும், மூளைக்குச் செய்தி குறைவதும் சிறிய விடயங்கள் அல்ல.

மகளுக்குக் கல்யாணம் பேசும் வீடுகளில் இன்னொரு பயமும் உண்டு. 'பரம்பரை நோய் என்பார்கள்' என்று சாச்சி எங்களுக்குப் புத்தி சொன்னார். பிறவியிலேயே வரும் சில வகைக் குறைபாடுகள் மரபுவழி வரக்கூடியவைதான். ஆனால் 24 வருட ஆலை இரைச்சல் பிள்ளைகளின் காதுக்கு இறங்கி வராது. பரிசோதித்தால்தான் எது எந்த வகை என்று தெரியும். பரிசோதனைக்கே போகாதபோது வதந்திதான் தீர்ப்புச் சொல்கிறது.

நாங்கள் செய்த தவறு

இதுவரை வாப்பாவின் வெட்கத்தைப் பற்றி எழுதினேன். அந்த வெட்கத்தை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லோரும் எதற்காவது சிரிப்போம். வாப்பா, "என்ன மகள், என்ன?" என்று கேட்பார். "ஒண்டுமில்ல வாப்பா, விடுங்க" என்பேன். திரும்பச் சொல்லும் சோம்பல்தான் காரணம். ஆனால் அவருக்கு அதன் பொருள், 'இது உங்களுக்கு உரியதல்ல' என்பதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படிச் சொன்னேனோ தெரியாது. பின்பு வாப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்காமல் விட்டதை நான் நிம்மதியாக எண்ணினேன். விறாந்தையில் நடந்ததைத் தோழிகளிடம் நடித்துக்காட்டிச் சிரித்தவளும் நான்தான்.

வாப்பாவை மாற்றியது எங்கள் புத்திமதி அல்ல. "கோபக்காரரோ எண்டு கேட்டாங்களாம்" என்று உம்மா அவரிடம் அப்படியே சொன்னார். வாப்பா வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை, "கிளினிக் எண்டைக்கு?" என்று கேட்டார்.

அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு நான் அவரோடு போனேன். வாங்கில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரைக் கண்டதும் வாப்பா என்னைக் காட்டி, "மகளக் காட்ட வந்த" என்றார். அவரும் விட்டுக்கொடுக்காமல், "நானும் ஒரு ஆளோட வந்த" என்றார். அவரோடு வேறு யாரும் வரவில்லை. பெயர் கூப்பிட்டபோது இருவரும் ஒருவர் பின் ஒருவராக அதே அறைக்குள் போனார்கள். அந்தச் சில நிமிடங்கள் காது கேளாத பெண்ணாக நான் இருந்தேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. வாங்கில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையைக் கண்ட பிறகு, வாப்பா ஆறு வருடமாக எதற்குப் பயந்தார் என்று விளங்கியது.

பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. சத்தம் புகாத சிறு அறையில் காதுக்கு ஹெட்போன் போட்டு, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவு ஒரு வரைபடமாக வந்தது. இடப்பக்கம் மேலே இருந்த கோடு, உயர்ந்த சுருதிகள் உள்ள வலப்பக்கத்துக்கு வரும்போது கிணற்றில் இறங்குவது போலச் சரிந்தது. வாப்பா அதை வெகுநேரம் பார்த்தார். "அப்ப, நீங்க வாய்க்குள்ள பேசல்ல" என்றார்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கும் தோழிகளுக்கும் சில வார்த்தைகள். காது மந்தம் எல்லாம் கருவியில்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். அழுக்கு அடைத்திருந்தாலும், நடுக்காதில் நோய் இருந்தாலும் கேட்டல் குறையும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வைத்தியர் பார்க்கும் வரை பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றக் கூடாது. செவிப்பறையில் துளை இருந்தால் அது தீங்காகும். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நாள் கடந்தால் குணமாகும் வாய்ப்புக் குறைந்துவிடும்.

கருவி அணியத் தொடங்கியவருக்கு முதல் வாரங்களில் மின்விசிறியும் கரண்டிச் சத்தமும் பெரும் இரைச்சலாக இருக்கும். மூளை பழகச் சில வாரங்கள் எடுக்கும். பலர் கருவியை அலுமாரியில் வைத்துவிடுவது இந்த நேரத்தில்தான். அப்போது வீட்டார் பொறுமையாக இருக்க வேண்டும். கருவி ஈரத்துக்கு ஆகாது. வுழூச் செய்யும்போது கழற்றி, காதைத் துடைத்து உலர்ந்த பின் அணியலாம். முக்காடு இறுக்கமாக அழுத்தினால் கீச்சொலி வரும், மெல்லிய துணி என்றால் தொல்லை குறைவு.

கேட்பவரின் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். கத்தாமல், நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு சொல் விளங்காவிட்டால் வேறு சொல்லால் சொல்லுங்கள். 'விடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹெட்போனில் இரவிரவாகப் பாட்டும் பயானும் கேட்கும் நமக்கும் அதே 15,000 கலங்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாப்பா இப்போது வீட்டில் கருவி அணிகிறார். கடைத்தெருவுக்குப் போகும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். முழுதாக மாறிவிட்டார் என்று எழுதினால் அது உண்மையல்ல. ஆனால் ராத்தாவின் கல்யாணப் பேச்சு முறியவில்லை. உம்மா மாப்பிள்ளையின் மாமி மூலம் உள்ளதைச் சொல்லி அனுப்பினார். பெருநாள் கழித்து நிகாஹ். அன்று பள்ளிவாசலில் ஊரார் முன்னிலையில் வலியாக இருந்து வாப்பாவே மகளை ஒப்படைக்க வேண்டும். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வதைத் தம் காதால் கேட்க வேண்டும்.

அன்று கருவி அணிவாரா, சட்டைப் பையில் இருக்குமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. போன வாரம் வாப்பாவே என்னைக் கூப்பிட்டு, "நிகாஹ்வுக்கு முன்னுக்குப் பெட்டரி ரெண்டு கூடுதலா வாங்கி வை மகள்" என்றார்.